மேசைக்கு இந்தப் பக்கம்

அன்பு மகன் குண்டுவுக்கு அம்மா எழுதுவது.

அங்கே உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே, குளிருக்குத் தலையையும் காதையும் மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா, இரவு வேலை முடித்து வந்தால் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறாயா இல்லை போனை நோண்டிக்கொண்டு கிடக்கிறாயா, இதற்கெல்லாம் முதலில் பதில் எழுது. இங்கே அப்பாவும் நானும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், அது முழு உண்மையா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு செய். போன் பண்ணாமல் எதற்கு இப்படி ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும், நீயும் அந்தக் குழந்தைகள் வார்டில் போட்டது போட்டபடி நின்று என்னம்மா என்னம்மா என்று பதறுவாய், அதனால்தான் கடிதம். பொறுமையாகப் படி, நடுவில் எழுந்து போகாதே.

அப்பாவுக்கு முட்டிவலி முன்னைக்குத் தேவலை. ஆனாலும் பழுதுபார்க்கப் போகிற இடத்தில் லிஃப்ட் ஓடாது அல்லவா, படியேறித்தான் மேலே போக வேண்டியிருக்கிறது, ஒலகத்துலயே ஜாஸ்தி படி ஏறுறவன் லிஃப்ட் மெக்கானிக்தான் என்று தினமும் ஒருமுறை சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்கிறார். உன் சித்தி வீடு மாறிவிட்டாள், புது வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாள் சரியில்லையாம், உள்ளே போனால் வெளியே வரும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கு என்று புலம்புகிறாள், அவள் குரலுக்கு அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு தாழ்ப்பாள் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று நான் சொன்னேன், இரண்டு நாளாகப் பேசவில்லை. நம் சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சத்தம் எனக்கு இப்போதெல்லாம் தொந்தரவாக இல்லை, ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, சுற்றி வளைத்தது போதும். கண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை. வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூட நிர்வாகக் குழு கூடுகிறது, கூட்டத்துக்கு முன்னால் நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் என் மூன்றாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள். நூலகத்தில் உட்காரவைத்துப் புத்தகத்துக்கு அட்டை போடச் சொல்வார்களோ, வீட்டுக்கே போகச் சொல்வார்களோ, அது அவர்கள் இஷ்டம். எல்லாம் நீ உண்டாக்கிக் கொடுத்த அந்த வலைப்பூவால் வந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை, குறை சொல்ல ஆரம்பித்தால் அப்பாவில் தொடங்கி வரிசையாக எல்லாரையும் சொல்ல வேண்டும். நீ உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான், உன்னிடம்தான் பாஸ்வேர்டு இருக்கிறது, உள்ளே போய் அதை அடியோடு அழித்துவிடு. ஒரு வரிகூட மிச்சம் வைக்காதே.

நீ போன தடவை லீவில் வந்தபோது நான் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தேன், வகுப்பில் நடந்தது, அப்பா செய்தது, கடையில் பார்த்தது என்று. நீ தலையில் கை வைத்துக்கொண்டு, அம்மா இதையெல்லாம் எழுதும்மா, கேக்குறதுக்கு ஒலகத்துல எவ்வளவோ பேர் இருக்காங்க, நான் ஒருத்தன் எத்தனன்னு தாங்குவேன் என்றாய். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். பெயர் வைக்கிறபோது ஆசிரியர் மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், நீ மேசைக்கு இந்தப் பக்கம் என்று வை என்றாய். என் பெயர் இல்லை, பள்ளிக்கூடத்தின் பெயர் இல்லை, பிள்ளைகளைப் பற்றி எழுதினால் பையனைப் பெண்ணாக்கி, பெண்ணைப் பையனாக்கி, எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதினேன் தெரியுமா. அப்பாவைப் பற்றி மட்டும்தான், அவருடைய லுங்கிக் கதைவரை, உள்ளது உள்ளபடி எழுதினேன், அவர் படிக்கமாட்டார் என்ற தைரியம். ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் வந்து படித்தார்கள். எங்கேயோ ஒரு ஆசிரியர், தனக்குக் கை நடுங்குகிறது, கரும்பலகையில் கோடு நேராக வருவதில்லை, இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார். அன்று முழுக்க எனக்கு யாரோ தோளில் கைபோட்டுக்கொண்டு கூடவே நடந்தது போல இருந்தது.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. எனக்கு இடது காது கேட்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இப்போது அந்தப் பக்கம் யார் பேசினாலும் தலையணைக்குள் பேசுவது போலத்தான் இருக்கிறது. குழாய் சொட்டினால் என்ன, சொட்டாவிட்டால் என்ன. வலது காது நன்றாகவே கேட்கிறது, அப்பா வாய்க்குள் முணுமுணுப்பதுகூட அந்தக் காதில் விழுந்துவிடும். அப்பாவுக்குத் தெரியும், அதனால் என்னைத் திட்ட வேண்டும் என்றால் இடது பக்கமாக வந்து நின்று திட்டுகிறார். உன்னிடம் சொன்னால் நீ விடமாட்டாய், அந்த டாக்டரைப் பார் இந்த டெஸ்ட் எடு என்று குடைந்து எடுத்துவிடுவாய் என்று சொல்லவில்லை. வலைப்பூவில் எழுதினேன். நீ வேலை மும்முரத்தில் அதைப் படிப்பதை விட்டுவிட்டாய் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் அங்கே எழுதினேன். பெற்ற பிள்ளையிடம் மறைத்ததை முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன் பார், இப்போது எழுதும்போது எனக்கே நன்றாக இல்லை.

வகுப்பில் எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பாய். மெல்லப் பேசுகிற பிள்ளைகளையெல்லாம் என் மேசைக்கு வலது பக்கமாகப் பார்த்து உட்காரவைத்தேன், பெரிய குரல் உள்ளவர்களைத் தூரத்தில் வைத்தேன். யாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தக்கூடாது, கையைத் தூக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். வாயசைவைப் பார்த்தே பாதியைப் பிடித்துக்கொள்வேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் கடைசி வரிசையில் ஒரு பையன், பஸ் கண்டக்டர் மகன், அவன் அப்பாவைப் போலவே அவனுக்கும் தெருமுனை வரை கேட்கிற குரல், அதனால்தான் அங்கே உட்காரவைத்திருந்தேன். ஒருநாள் நான் பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது, முன்வரிசைப் பெண் எழுந்து வந்து என் புடவையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினேன், அந்தப் பையன் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து சட்டையெல்லாம் சிவப்பு. பிடித்து உட்காரவைத்து மூக்கை அழுத்தி, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது, வெயிலில் விளையாடியிருப்பான், பெரிதாக ஒன்றும் இல்லை. சாயங்காலம் அவன் அப்பாவிடமும் மூக்கில் ரத்தம் வந்ததைச் சொன்னேன். ஆனால் அவன் கூப்பிட்டிருப்பான், அது என் காதில் விழவில்லை என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, வலைப்பூவில், பையனைப் பெண்ணாக்கி, மூக்கைப் பல்லாக்கி, ஒரு குழந்தை என்னைக் கூப்பிட்டது, எனக்குக் கேட்கவில்லை என்று எழுதினேன். எழுதியதும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இறங்கிய பாரம் எங்கே போய் உட்கார்ந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

நான் எப்படி மாட்டினேன் என்று கேட்டால் நீ சிரிப்பாய். வலைப்பூவில் யாராவது ஏதாவது எழுதினால் நான் பதில் போடுவேன் அல்லவா, வகுப்பில் பேசிப் பேசி வந்த பழக்கம், வளர்ந்த மனிதர்களுக்கும் அப்படியே எழுதியிருக்கிறேன், அவசரமே இல்லை, மணி அடிக்க நேரம் இருக்கிறது, இன்னும் ஒரு வரி சொல்லுங்கள் பார்ப்போம் என்று. தினமும் வந்து படிக்கிறவர்களில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, கூட்டம் இல்லாத நேரத்தில் படித்துவிட்டு ஆசையாக நாலு வரி எழுதுவாள். அவள் மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்தக் குழந்தை வீட்டில் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து டீச்சர் விளையாட்டு விளையாடுமாம். ஒருநாள் ஒரு பொம்மையைப் பார்த்து, அவசரமே இல்ல, மணி அடிக்க நேரம் இருக்கு, இன்னும் ஒரு வரி சொல்லு பாப்போம் என்று என் குரலிலேயே சொல்லியிருக்கிறது. அந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டிருக்கிறது. அவள் கெட்டவள் இல்லை, சந்தோஷம் தாங்காமல் வகுப்புப் பெற்றோர்கள் எல்லாரும் இருக்கிற போன் குழுவில், நான் தினம் படிக்கிற டீச்சர் யாருன்னு நெனச்சீங்க, நம்ம டீச்சரேதான் என்று போட்டுவிட்டாள். இந்த வாரத் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் நீங்கதான்னு தெரியாமயே உங்ககிட்ட எவ்வளவு பேசிட்டேன் என்கிறாள். சிரிக்கிறேன், ஆனால் கண்ணுக்கு முன்னால் அந்தக் காது எழுத்துதான் நிற்கிறது.

வீட்டுக்கு ஓடிவந்து கணினியைத் திறந்தேன். மற்றதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும், அது ஒன்றையாவது அழித்துவிடலாம் என்று. எனக்கு எழுதத்தான் சொல்லிக்கொடுத்தாய், அழிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லையே. எதையோ தொட்டேன், எதுவோ கேட்டது, ஆம் என்று அழுத்தினேன், அது அழிவதற்குப் பதிலாகப் புதுத் தேதியோடு எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கேயோ அடியில் கிடந்ததை நானே தோண்டி எடுத்து நடுவீட்டில் வைத்துவிட்டேன். அப்பாவைக் கூப்பிட்டால் அவர் எட்டிப் பார்த்து, இதுக்கு மேல எதையும் தொடாதே, அடுத்து என் லுங்கிக் கதை மேல வந்துடும் என்கிறார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, அழுதேன். அதற்குள் குழுவில் இருந்த அத்தனை பேரும் படித்துவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் கண்டக்டர் பள்ளிக்கூட வாசலில் நின்றார். வேலைச் சீருடை, தோளில் பை, நேராக டிப்போவிலிருந்து வந்திருக்கிறார். கத்துவார் என்று நினைத்தேன், அந்தக் குரலுக்குக் கத்தினால் நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. மெதுவாக, டீச்சர், பல்லுன்னு எழுதியிருக்கீங்க, அது எம்புள்ள மூக்குதானே என்றார். நான் தலையாட்டினேன். எத்தன தடவ கூப்பிட்டான் டீச்சர் என்றார். அவன்ட்ட கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான், நீங்களாச்சும் சொல்லுங்க, எத்தன தடவ கூப்பிட்டான், ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு நின்றார். உண்மையிலேயே எனக்குத் தெரியாது கண்ணா. எத்தனை தடவை கூப்பிட்டான் என்று கூப்பிட்டது கேட்டவளுக்குத்தானே தெரியும். படுத்தால் அந்தக் கேள்விதான் வலது காதிலும் கேட்கிறது, இடது காதிலும் கேட்கிறது.

இன்று தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷிதான், ஜன்னலைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். உங்களக் காப்பாத்தத்தான் சொல்றேன் டீச்சர், அதெல்லாம் கற்பனை, கதைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க, காது நல்லாயிருக்குன்னும் ஒரு வரி, வலைப்பூவ எடுத்துட்டேன்னும் ஒரு வரி, கதை எழுதுறது குத்தம்னு யாரும் சொல்ல முடியாதில்ல என்றார். காகிதத்தையே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். இனிமேல் எந்த ஆசிரியரும் தன் சொந்த வாழ்க்கையைப் பற்றி இணையத்தில் எழுதக்கூடாது என்று ஒரு விதியும் வரப்போகிறதாம். ஆசிரியர்கள் அறையில் இதே பேச்சுதான். மூத்த கணக்கு டீச்சர், நம்ம கொடியில என்ன துணி காயுதுன்னே பிள்ளைங்க பாத்துட்டு வந்து சொல்றாங்க, இதுல நாமளே வேற எழுதிக் காட்டணுமா என்றார். உடற்பயிற்சி மாஸ்டர் மட்டும் என் பக்கம் பேசினார், பேசாமல் இருந்தால் தேவலை, அவர் தினமும் பனியனைக் கழற்றிவிட்டு எடை தூக்குகிற படத்தைப் போடுகிறவர், புது விதி வந்தால் முதலில் அவர் தோள்தான் போகும். உடம்பைக் காட்டினால் ஊரே கைதட்டுகிறது, ஒரு காதைப் பற்றிச் சொன்னால் குழு கூடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அப்படி நினைத்துக் கோபப்படவும் முடியவில்லை, கண்டக்டர் முகம் குறுக்கே வந்து நிற்கிறது.

அப்பாவிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, லிஃப்ட்ல கோளாறு இருந்தா வெளியில அட்டை மாட்டணும்டி, அதுதான் வழக்கம், நீ என்ன பண்ணின, அட்டைய எழுதி அடுத்த தெருவுல மாட்டிட்டு வந்துட்ட என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. லிஃப்டில் அட்டை மாட்டினால் அதற்கப்புறம் யாராவது ஏறுவார்களா, சொல்லுங்கள் என்றேன். அவர் காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். அதுதான் கண்ணா என் பயமெல்லாம், அட்டை மாட்டினால் அப்புறம் என் வகுப்பில் யாரும் பிள்ளையை விடமாட்டார்கள். உன்னையும் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். உன் வார்டில் ஒரு நர்ஸுக்கு ஒரு காது கேட்கவில்லை, அவள் அதை உங்கள் யாரிடமும் சொல்லாமல் இணையத்தில் எழுதுகிறாள் என்றால், நீ அவள் பக்கம் பேசுவாயா, குழந்தையின் பக்கம் பேசுவாயா. என் மனசு திருப்திக்காகப் பொய் சொல்லாதே. சரி, அப்பா விளக்கைப் போட்டுவிட்டுச் சாப்பிடக் கூப்பிடுகிறார், மீதியை நாளைக்கு எழுதுகிறேன், அதற்குள் நீ அழிக்க முடியுமா என்று பார்த்து வை.

வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம்கூடக் கழுவவில்லை, நேராக வந்து உட்கார்ந்துவிட்டேன். நேற்று எழுதியதை அனுப்பாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதை எடுக்கவில்லை, எனக்குத்தான் அழிக்க வராதே, எல்லாம் அப்படியே இருக்கட்டும், நீயே படித்துக்கொள்.

இன்று காலையில் வகுப்புக்குள் நுழையவே கால் வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று புடவையைச் சரிசெய்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், வீட்டில் பேசியிருப்பார்கள், எந்தக் கண்ணால் பார்க்கப்போகிறார்களோ. போய் உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை, வழக்கம் போல ஒருத்தன் பென்சிலை இன்னொருத்தன் எடுத்துவிட்டான், ஒருத்திக்குத் தாகம். இரண்டு மூன்று நாளாக யாரையும் மேசைக்கு வரவிடாமல் பலகையிலேயே ஒப்பேற்றிவிட்டேன், இன்று கணக்கைத் திருத்தியாக வேண்டும். முதலில் மருந்துக்கடை அம்மாவின் மகள் எழுந்தாள், கணக்கைக் காட்ட. வழக்கமாக அது என் இடது கைப் பக்கமாகத்தான் வந்து நிற்கும், அந்தப் பக்கம்தான் அதன் இடம். பாதி வந்தது, நின்றது, எதையோ யோசித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மேசையை முழுக்கச் சுற்றி வந்து என் வலது பக்கம் நின்றது. நான் கவனிக்காதவள் போலக் கணக்கைத் திருத்திக் கொடுத்தேன். அடுத்தவனும் சுற்றி வந்தான். அதற்கடுத்தவளும். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை, வரிசையே மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. அந்த வலைப்பூவைப் படித்த பெரியவர்களெல்லாம் என்னென்னவோ கேட்டார்கள் கண்ணா, இந்தக் குழந்தைகள் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

கடைசியாகக் கண்டக்டர் மகன் வந்தான், அவனும் சுற்றித்தான் வந்தான். நான் குனிந்து, அன்னிக்கு என்னைய எத்தன தடவடா கூப்பிட்ட என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, வாயில் வந்துவிட்டது. அவன் என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு, அவன் குரலுக்கு அது எவ்வளவு மெதுவோ அவ்வளவு மெதுவாக, நான் கூப்பிடவே இல்ல டீச்சர், கையத்தான் தூக்கினேன், நீங்கதானே கத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க என்றான். அவன் உண்மையைச் சொன்னானா, என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காகச் சொன்னானா, இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியவில்லை. உண்மை என்றால் நான் போட்ட சட்டத்துக்காக ரத்தம் வழிய வழியக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பொய் என்றால் அந்தச் சின்னப் பிள்ளை என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான். இரண்டில் எது என்றாலும் என்னால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட முடியாது. காது நன்றாக இருக்கிறது, எல்லாம் கதை என்று நான் எழுதிக் கொடுத்தால், திங்கட்கிழமைக்கு அப்புறம் இந்தப் பிள்ளைகள் எந்தப் பக்கம் வந்து நிற்பார்கள்.

சாயங்காலம் நானே வாசலுக்குப் போனேன். கண்டக்டர் தன் மகனை அழைத்துப்போக வந்திருந்தார். என் இடது காது கேட்காது, அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு, பையன் கையைத் தூக்கினேன்னு சொல்றான், அத வச்சு நான் தப்பிச்சுக்கப் போறதில்ல என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் பையனின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். அப்புறம், திங்கக்கெழம நானும் வரேன் டீச்சர் என்றார், அவ்வளவுதான். எனக்காக வருகிறாரா, எனக்கு எதிராக வருகிறாரா, அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. நாலடி போனதும் பையன் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினான். டாட்டா காட்டினானா, வகுப்பில் தூக்குகிற மாதிரித் தூக்கினானா, நானும் தூக்கினேன்.

ஆகையால் குண்டு, நேற்று சொன்னதைச் செய்யாதே. எதையும் அழிக்காதே. அந்தக் காது எழுத்து, நான் தெரியாத்தனமாகத் தட்டி மேலே கொண்டுவந்தேனே, அது அங்கேயே மேலே இருக்கட்டும். ஆசிரியர் தன் வாழ்க்கையை எழுதலாமா கூடாதா என்று திங்கட்கிழமை அவர்கள் என்னைக் கேட்டால், எழுதலாம் என்றுதான் சொல்லப்போகிறேன், அந்தக் கை நடுங்குகிற மனிதரை நினைத்தாவது சொல்லப்போகிறேன். ஆனால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லிவிட்டு எழுத வேண்டும், அதில் நான் தவறிவிட்டேன், அதையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன். அந்த வரிசையில் நீயும் இருந்தாய், உன்னிடமும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இனிமேல் சொல்கிறேன். காது டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம் போகிறேன், அப்பாவே கூட வருகிறேன் என்கிறார், கருவி மாட்டிவிட்டால் எந்தப் பக்கம் நின்று திட்டுவது என்ற கவலை இப்போதே அவருக்கு வந்துவிட்டது. தைரியமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. வகுப்பு போய்விடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போனால் என்ன செய்வேன் என்று யோசிக்கப் பார்க்கிறேன், அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெறும் மேசைதான் தெரிகிறது.

நீ நன்றாக இரு ராசா. நீ பார்த்துக்கொள்கிற பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் எழுந்து அவரவர் வீட்டுக்கு ஓடட்டும். உன்னைக் குண்டு என்று கூப்பிடுவதற்கு எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது, போட்டோவில் கம்பி மாதிரி நிற்கிறாய், நின்றுகொண்டே சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, திங்கட்கிழமை எங்களுக்குச் சாயங்காலம் ஆனதும் போன் பண்ணு. வேகமாகப் பேசாதே, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசு, நான் போனை வலது காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
மூன்றாம் வகுப்பு டீச்சர், உன் அம்மா.